கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள கட்டடக்கலை மாணவ மாணவியருக்கு,

போன தை மாதத்தில் ஒருநாள் கங்கைகொண்ட சோழபுரத்துப் புல்தரையில் நீங்கள் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து விமானத்தை வரைந்துகொண்டிருந்தீர்கள். வெளியே இரண்டு பேருந்துகள் நின்றிருந்தன. நான் ஊரிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டாருக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு, முட்டி வலித்ததால் நிழல் பார்த்து உட்கார்ந்தேன். உங்களில் ஒரு பெண் எழுந்து வந்து, "அங்கிள், கொஞ்சம் தள்ளி உட்காந்துக்கிறீங்களா? ஃபிரேம்ல வர்றீங்க" என்றாள். தள்ளி உட்கார்ந்தேன். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள், எனக்கும் கோபமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த மடல்.

நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்தவன். அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் பத்திரம் எழுதுபவரின் மேசைக்கும் நடுவே எட்டுக்குப் பத்தில் ஓர் அறை. இருபத்தெட்டு வருடமாக அங்கே பிளான் போடுகிறேன். ஒரு வீட்டுக்கு மூன்று பிளான் உண்டு என்பது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்காது. வங்கிக் கடனுக்கு ஒன்று, அனுமதிக்கு ஒன்று, மூன்றாவது மேஸ்திரி கையில் இருப்பது. அது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கியிருக்கும். கடைசியில் வீடாக எழும்புவது அதுதான்.

இப்போதெல்லாம் வருகிறவர்கள் உட்காரும் முன்பே ஃபோனை நீட்டுகிறார்கள். "சார், இந்த எலிவேஷன் மாதிரி." கோயம்புத்தூரிலோ துபாயிலோ யாரோ கட்டிய வீட்டின் முன்பக்கம். பின்பக்கம் எப்படியிருக்கும் என்று அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நீங்கள் வரைந்துகொண்டிருந்த விமானத்துக்கு வருகிறேன். முதலாம் இராசேந்திரன் கட்டியது, 1035-இல் முடிந்தது, 53 மீட்டர் உயரம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் தஞ்சையோடு சேர்ந்ததும் தெரிந்திருக்கும். தஞ்சை விமானம் நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போகிறது. இது கொஞ்சம் உள்வாங்கி, வளைந்து ஏறுகிறது. அப்பன் தஞ்சையில் கட்டியதைவிட உயரத்தில் ஒரு படி குறைத்துக்கொண்டு, கோட்டில் வேறு ஒன்றைச் சொல்லியிருக்கிறான் மகன். என்னிடம் ஃபிரேமை விட்டு நகரச் சொன்ன பெண் அந்த வளைவை நாலைந்து தடவை ரப்பரால் அழித்து அழித்துப் போட்டாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுலபமாகக் கைக்குள் வராத கோடு அது.

தஞ்சைக் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒரு பெயர் வருகிறது. பெருந்தச்சன் என்றால் தச்சர்களுக்குத் தலைவன். கிரேக்கத்தில் ஆர்க்கி என்றால் தலைமை, டெக்டான் என்றால் தச்சன், சேர்த்தால் ஆர்க்கிடெக்ட். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே இரண்டு மொழியும் ஒரே சொல்லைச் செய்துவைத்திருக்கின்றன. இரண்டிலும் அந்த ஆள் உளியும் கையுமாக வேலைத்தலத்தில் நிற்கிறவன். பிறகு 1450 வாக்கில் இத்தாலியில் ஆல்பெர்ட்டி என்பவர் கட்டடக்கலை பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தச்சன் என்பவன் ஆர்க்கிடெக்டின் கையிலுள்ள கருவி, அவ்வளவே என்று அதில் வாதிட்டார். மனதில் வரைகிறவன் வேறு, மண்ணில் கட்டுகிறவன் வேறு என்ற பாகப்பிரிவினைக்கு அது ஒரு முக்கியமான பத்திரம். உங்கள் கல்லூரிகள் அந்தப் பத்திரத்தின் மேல்தான் நிற்கின்றன. பென்சில் உங்கள் பங்குக்கு, கரணை மேஸ்திரி பங்குக்கு. நடுவில் ஜெராக்ஸ் எடுக்க நான்.

கோயிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். அதைக் கேட்டால் எல்லோருக்கும் வயிறு எரியும், எனக்கும்தான். ஆனால் அணைக்கரைப் பாலத்தில் நின்று, இரண்டு பக்கமும் வாய்க்காலில் பிரிந்து போகும் தண்ணீரைப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் விளைந்த சோறும் சோறுதான். கல்லை அங்கிருந்து எடுத்தது குற்றம். எடுத்த கல் வீணாகவும் போகவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளப் பழகினால்தான் கட்டடத் தொழிலுக்கு வர முடியும் என்பது என் கட்சி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட் சட்டம் அந்தப் பட்டத்துக்குத்தான் வேலி போட்டது, வேலைக்குப் போடவில்லை. பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது, வரைவதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2020-இல் சொல்லிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடியாக அனுமதி வாங்கிக்கொள்ளலாம். மக்களுக்கு நல்லது, அலைச்சல் இல்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கட்டுகிற வீட்டில் பெரும்பகுதி இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆக, இங்கே ஒருவருக்கு வீடு கட்ட நீங்கள் தேவையில்லை. அந்த இடத்தில்தான் உங்கள் வேலை ஆரம்பமாகிறது என்று நினைக்கிறேன். ஏன் என்பதற்கு என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற ஒரு விவசாயி, இரண்டு படுக்கையறையோடு வீடு கேட்டார். உட்கார்ந்த இடத்திலேயே போட்டுக் கொடுத்தேன். கடைக்கால் மூன்றடி. மனைக்கு நான் போகவில்லை. கூப்பிடவும் இல்லை, போனால் கொடுக்கக் கூலியும் இல்லை. இரண்டாவது கோடையில் ஃபோன் வந்தது. "சார், செவுத்து வழியா பல்லி போயிட்டுப் போயிட்டு வருது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்குத்தான் அந்த மனையை முதன்முதலாகப் பார்த்தேன். சுத்தக் கரிசல். வயல் முழுக்கக் கால் புதைகிற வெடிப்பு. அதே வெடிப்பு சுவரிலும் ஜன்னல் மூலையிலிருந்து மாடிப்படி மாதிரி செங்கல் செங்கலாக இறங்கி, பேஸ்மட்டத்தைத் தொட்டிருந்தது. தெற்குச் சுவரில் ஒரு ரூபாய்க் காசு நுழைந்தது.

கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேல்மண் வருடா வருடம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். அதன் மேல் சுவரை வைத்தால் சுவரும் கூட ஏறி இறங்க வேண்டியதுதான். இதற்கு வழி இல்லாமல் இல்லை. கடைக்கால் வானத்தை ஆழமாகப் பறித்து, கறுப்பு மண்ணை எடுத்துவிட்டு மணல் போட்டு நிரப்பலாம். அடியில் குமிழ் வைத்த பைல் இறக்கி, மேலே கிரேடு பீம் ஓட்டலாம். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் எப்போதோ கண்டுபிடித்துக் கொடுத்த முறை அது. வீட்டைச் சுற்றி மழைநீர் உள்ளே இறங்காதபடி ஓரத்தளம் போட்டாலே வெடிப்பு ஓரளவு குறையும். எனக்கு இதெல்லாம் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மேஸ்திரிக்கும் தெரிந்திருக்கிறது. "அப்பவே நெனச்சேன் சார். பிளான்ல மூணடின்னு போட்டிருந்துச்சு, நாம என்னத்த சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றார். ஆல்பெர்ட்டி போட்ட பாகப்பிரிவினை குன்னம் வரைக்கும் வந்து ஒரு சுவரைப் பிளந்திருக்கிறது.

பூமிக்குக் கீழே இப்படி. மேலே வேறு கதை. எங்கள் ஊர் முழுக்கச் சிமென்ட். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், ஆலத்தியூர், தளவாய், கீழப்பழுவூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஆலையின் புகைபோக்கி தெரியும். காரணம் சுண்ணாம்புக்கல். சுமார் பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. காரையில் சுருள்சுருளான அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிப்பி சிப்பியாக ஒட்டியிருக்கும். கிட்டத்தட்ட ஏழு கோடி வருடத்துச் சிப்பி. என் தாத்தா காலத்துக் கொத்தனார்கள் கடற்கரைக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தாளித்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்துப் பூசினார்கள். நாம் ஏழு கோடி வருடத்துக் கிளிஞ்சலை 1,450 டிகிரியில் சுடுகிறோம். தொழில் ஒன்றுதான், அளவு மாறிவிட்டது. உலகம் முழுக்க வெளியேறும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்டால் வருவது. அதில் பாதிக்கு மேல், எரிக்கிற நிலக்கரியிலிருந்து வருவதில்லை. சுடும்போது கல்லே விடுகிற வாயு.

இதைக் கேட்டு நீங்கள் சிமென்டை வெறுக்க வேண்டும் என்று எழுதவில்லை. எங்கள் பக்கத்து ஆயிரக்கணக்கான வீட்டு அடுப்பு அந்த ஆலைகளால்தான் எரிகிறது. ஒரு மூட்டைக்குப் பின்னால் ஒரு பள்ளமும் அதில் தேங்கிய பச்சைத் தண்ணீரும் ரோட்டோரத்து வேப்பிலையில் படிந்த சாம்பல் நிறமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு மூட்டையைப் பிரித்தால் போதும். லாரி பேக்கர் கேரளத்தில் அதைத்தான் செய்தார். கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அந்த இடத்து கான்கிரீட் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அங்கே பழைய மங்களூர் ஓட்டை வைத்து வார்த்தார். சிமென்டும் மிச்சம், சூடும் குறைவு. செங்கல்லைக் குத்தவைத்து நடுவே வெற்றிடம் விட்டு எலிப்பொறிக் கட்டு கட்டினார். ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சம்.

எங்கள் ஊர்த் தளத்தை வைகாசி மாதம் ராத்திரி பதினோரு மணிக்குத் தொட்டுப் பாருங்கள். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அப்போதுதான் கீழே கக்கிக்கொண்டிருக்கும். கடன் வாங்கி வீடு கட்டியவர் கட்டிலை வாசலில் போட்டுப் படுத்திருப்பார். உள்ளே ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி இறக்கும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்துத் தட்டோடு பதித்தால் எவ்வளவோ தேவலாம். "அதெல்லாம் பழைய மாடல் சார், செலவும் ஜாஸ்தி" என்பார்கள். அதே ஆள் முகப்பில் டைல்ஸ் ஒட்ட அதைவிட அதிகம் செலவழித்திருப்பார்.

இனி நான் உங்களுக்குக் காட்ட ஆசைப்படும் கட்டடம். பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அதிகம். விலை ஏறுகிற வரைக்கும், விதைக்கு வேண்டிய வரைக்கும், வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். பட்டறை என்றால் தரையில் கல்லோ கட்டையோ அடுக்கி, அதன் மேல் குச்சி பரப்பி, நீளமாக, ஆனால் ஒடுக்கமாகக் கட்டிய படப்பு. பக்கங்களில் சுவர் கிடையாது, குச்சியும் வலையும்தான். மேலே கீற்று. அகலம் ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "நடுவுல இருக்கற காய்க்கும் காத்துப் போவணும்ல" என்றார். மண்ணின் ஈரம் ஏறக் கூடாது, அதனால் தரையை விட்டுத் தூக்கியாயிற்று. மழை அடிக்கக் கூடாது, அதனால் கூரை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு இறங்குகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று பார்த்து நீளவாக்கை வைக்கிறார்கள். ஆணி, சிமென்ட், பிளான், அனுமதி எதுவும் இல்லை. வெங்காயம் மாதக்கணக்கில் அழுகாமல் இருக்கிறது. அந்தப் பட்டறைக்கு இருபதடி தள்ளி அந்தப் பெரியவரின் மகன் கட்டிய வீடு. நான் பிளான் போட்ட வீடுதான், மறைப்பானேன்? நடு அறையில் ஜன்னல் இல்லை. பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

1964-இல் ருடோஃப்ஸ்கி என்பவர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஆர்க்கிடெக்ட் இல்லாத கட்டடங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார். உங்களுக்குப் பாடத்தில் வரும். பட்டறையும் அந்த இனம்தான். ஆனால் படம் எடுத்துப் போட்டுப் புகழ்வதோடு நின்றால் ஆபத்து. எங்கள் பக்கம் கூரை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம் போய் மண்சுவரும் கீற்றும்தான் அழகு என்று சொல்லிப் பாருங்கள். சித்திரையில் தீப்பிடித்துத் தெருவோடு போன கதையைச் சொல்வார்கள். ஐப்பசி மழையில் பாத்திரம் பாத்திரமாக வைத்து ஒழுகலைப் பிடித்த கதையைச் சொல்வார்கள். காலனித் தெருவில் ஒருவர் தளம் போட்ட வீடு கட்டினால் அதில் வெயில் கணக்கு மட்டும் இல்லை, தலைநிமிர்வும் இருக்கிறது. பூசாத செங்கல் சுவர் உங்களுக்குப் பேக்கர் பாணி. அவருக்கு அது காசில்லாமல் பாதியில் நின்ற வீடு. எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940-களில் ஏழைகளுக்காக மண் செங்கல்லில் குவிமாட வீடுகளோடு குர்னா என்ற புது ஊரையே கட்டினார். இன்றைக்கும் அது அற்புதமான கட்டடக்கலை. யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் குடிவர மறுத்துவிட்டார்கள். பட்டறையின் காற்றைத் தளம் போட்ட வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், வீட்டுக்காரரின் கௌரவம் ஒரு அங்குலம் குறையாமல். என்னால் ஆகவில்லை. எனக்குத் தெரிந்து மேஸ்திரியாலும் ஆகவில்லை. ஐந்து வருடம் படிக்கிறீர்களே, நீங்கள் செய்து காட்டலாமே.

கையில் உடனே இருக்கிற ஒரு கணக்கையும் தருகிறேன். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், சமையலறையோடு சேர்த்து 360 சதுர அடி. அந்த 360 அடிக்குள் அடுப்பு எங்கே, மக்காச்சோள மூட்டை எங்கே, வயதுக்கு வந்த பெண் எங்கே உடை மாற்றுவது, ஆடு குட்டி போட்டால் மழைக்கு எங்கே கட்டுவது? இதற்கு விடை கண்டுபிடிப்பது 53 மீட்டர் விமானத்தை வரைவதைவிடச் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பாலகிருஷ்ண தோஷி இந்தூரில் ஆரண்யா என்ற குடியிருப்பை வகுத்தபோது, 6,500 மனைகளுக்கும் முழுவீடு கட்டித்தர முயலவில்லை. மாதிரிக்கு 80 வீடு கட்டிக் காட்டினார். மற்றவர்களுக்கு மேடை, கழிப்பறை, தண்ணீர். மீதியை அவரவர் சம்பாதிக்கச் சம்பாதிக்கக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். எங்கள் ஊரில் தோஷி பெயர் தெரியாமலே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அரசு வீட்டின் மொட்டைமாடியில் நாலு மூலையிலும் பில்லர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். துரு ஏறாமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பையன் வெளிநாடு போனதும் மேலே ஓர் அறை எழும்பும். படிக்கட்டு எங்கே வரும் என்று ஆரம்பத்திலேயே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள், அதனால் இருந்த ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு படி ஏறும். அந்த ஒரு படிக்கட்டை முதல் நாளிலேயே சரியான மூலையில் வைத்துக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆளுக்குப் பெருந்தச்சன் என்று பெயர் வைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதனால் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை சுற்றுலாவை ஒருநாள் நீட்டச் சொல்லி உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள். காலையில் கோயிலை வரையுங்கள், கட்டாயம் வரையுங்கள். மதியம் ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் வந்தால் நான் பேருந்தில் ஏறிக்கொள்கிறேன். மறுநாள் குன்னம், பிறகு செட்டிகுளம். நேரமிருந்தால் வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகலாம். நேரமில்லாவிட்டால் கோட்டையை விட்டுவிடுவோம், பட்டறையை விட வேண்டாம். ஐம்பது பேரும் ஆளுக்கொரு வீட்டை அளக்கலாம். டேப் என்னிடம் இருக்கிறது. மேஸ்திரியையும் வரச் சொல்கிறேன். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், நான் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குன்னத்துக்காரரிடம் பேசிவிட்டேன். மற்றச் சுவர்களை எல்லாம் சரிசெய்துவிட்டாராம். தெற்குச் சுவரை மட்டும் நீங்கள் வந்து பார்க்கும் வரை பூசாமல் வைத்திருக்கிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
அரியலூரில் பிளான் போடுகிற ஒருவன்